நம்முடைய வளவில் ஒரு கௌபோய் இரவு: எப்படிச் செய்வது

விளையாட்டுத் துப்பாக்கி வாங்க வேண்டாம். கௌபோய் என்றதும் பிள்ளைகள் கேட்பது அதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் முதல் வருடம் தம்பியின் பிள்ளைகளுக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தேன். இரவு எட்டு மணிக்குள் ஒருவன் அழுதான், மற்றவன் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான், அன்றைய திட்டம் அதோடு முடிந்தது. அடுத்த சித்திரை விடுமுறைக்குத் துப்பாக்கி இல்லாமல் செய்தோம். கயிறு, கோதுமை மா, கௌபி, ஒரு படங்கு, பக்கத்து வீட்டு இரண்டு பசு, வானத்தில் ஒரு நட்சத்திரம், இவ்வளவும்தான் இருந்தன. பன்னிரண்டு மணி தாண்டியும் ஒருவரையும் படுக்க வைக்க முடியவில்லை. மூன்றாம் வருடம் அயலில் இருந்து இன்னும் நாலு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். எப்படிச் செய்வது என்று பலர் கேட்டதால் விபரமாக எழுதுகிறேன்.

பிள்ளைகளைக் கூட்டுவதற்கு முன் நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டியது, கௌபோய் என்றால் மாடு சாய்க்கிற பெடியன், வேறொன்றும் இல்லை. எங்கள் அப்பப்பா வன்னியில் பட்டி வைத்திருந்தவர், அவரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அரைவாசியை அவரே சொல்லி முடித்திருப்பார். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸ் மாநிலத்தில் நீளக் கொம்பு மாடுகள் இலட்சக்கணக்கில் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு நாலு டொலருக்குப் போனது, வடக்கே நகரங்களில் அதே மாட்டுக்கு நாற்பது டொலர் வரை கிடைத்தது. ஆனால் டெக்சாஸில் இருந்து வடக்குச் சந்தைகளுக்கு ரயில் பாதை இல்லை. 1867இல் ஜோசப் மெக்கோய் என்ற வியாபாரி கன்சாஸ் மாநிலத்து அபிலீன் என்ற சின்ன ஊரில், ரயில் பாதையோரம் மாட்டுக் கொட்டடிகளைக் கட்டினார். அதன்பிறகு மாடுகளை அங்கே நடத்தியே கொண்டுபோனார்கள். ஏறக்குறைய ஆயிரம் மைல். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி 321 கிலோமீற்றர் என்று வைத்துப் பார்த்தால் அதைப் போல ஐந்து மடங்கு, அதுவும் மாட்டின் வேகத்தில். ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதினைந்து மைல், அதாவது யாழ் நகரத்திலிருந்து சாவகச்சேரிக்குப் போகிற தூரம், சில நாள் அதைவிடக் கொஞ்சம் கூட. மூன்று மாதம் அப்படியே போக வேண்டும். இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான். சம்பளம் மாதம் 25இல் இருந்து 40 டொலர்.

அந்தப் பன்னிரண்டு பேரும் படத்தில் வருகிற வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், அதை அங்கேயே திருத்திவிடுங்கள். மாடு சாய்க்கிற கலையை அவர்கள் கற்றதே மெக்சிக்கோவின் வக்கேரோக்கள் என்ற மாட்டுக்காரரிடம். கயிறு, சேணம், வேலைச் சொற்கள் எல்லாம் ஸ்பானிய வழியாக வந்தவை. போரோடு அடிமைத்தளை அறுந்த கறுப்பின மக்களும் ஏராளமாக இந்த வேலைக்குப் போனார்கள், நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 'கௌபோய், செவ்விந்தியர்' என்று இரண்டு கட்சி பிரித்து அடிபடுகிற விளையாட்டையும் நான் விளையாட விடுவதில்லை. இன்று ஒக்லஹோமா என்று சொல்கிற நிலம் அப்போது பூர்வகுடி மக்களுக்கென்று ஒதுக்கியது, மந்தை அந்த வழியாகத்தான் போனது, பல இடங்களில் அவர்கள் தலைக்குப் பத்துச் சதம் என்று மேய்ச்சல் வரி கேட்டார்கள். தன் காணிக்குள் பிறத்தியாருடைய மாடு இரண்டாயிரம் இறங்கினால் நாமும் கேட்போம்தானே. பெரும்பாலும் பேச்சுவார்த்தையிலும் ஒன்றிரண்டு மாட்டைக் கொடுத்தும் முடிந்த விடயம் அது.

சரி, செய்கிற வேலைக்கு வருவோம்.

நாள் பார்ப்பது முக்கியம். பங்குனி கடைசியிலிருந்து வைகாசி நடுப்பகுதி வரை நல்லது. மழை குறைவு, வானம் பெரும்பாலும் தெளிவு, பள்ளிக்கூட விடுமுறையும் பொருந்தும். சோளகம் பலமாக வீசத் தொடங்கிவிட்டால் நெருப்புப் போடக்கூடாது, அந்த வருடம் விட்டுவிடுங்கள். அமாவாசைக்குக் கிட்டிய நாளாகப் பாருங்கள், நட்சத்திரம் பார்க்க வேண்டியிருக்கிறது. இடம் வளவாக இருக்கலாம், ஆனால் வடக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும். பனை வடலி மறைத்தால் பக்கத்தில் உள்ள தரவைக்கோ வயல்வெளிக்கோ அரை மணித்தியாலம் போய்வரலாம். ஆறு தொடக்கம் பன்னிரண்டு பிள்ளைகள், மூன்று பெரியவர்கள் என்றால் அளவாக இருக்கும்.

ஒரு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, அது புளித்த மா. மந்தையோடு போன சமையற்காரனிடம் ஒரு சின்னப் பீப்பாயில் இந்த மா எப்போதும் இருக்கும், குளிர் இரவுகளில் அது விறைத்துப் போகாமல் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்த சமையற்காரர்கள் இருந்திருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலே போதும். ஒரு கண்ணாடிப் போத்தலில் அரைக் கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை கொதித்தாறிய தண்ணீர் விட்டுக் கலக்கி, துணியால் மூடி, குசினியில் நிழலான இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் அதில் பாதியை எடுத்துவிட்டு மறுபடி அதே அளவு மாவும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். இரண்டாம் நாள் ஒரு கெட்ட மணம் வரும், பயந்து கொட்டிவிடாதீர்கள். நாலாம் ஐந்தாம் நாள் அது மாறி, கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அப்ப மாவின் மணம் வரும், மா போட்ட மூன்று நாலு மணித்தியாலத்தில் இரண்டு மடங்காகப் பொங்கும். அப்போது தயார். இளஞ்சிவப்பாகவோ பூஞ்சணமாகவோ தெரிந்தால் மட்டும் முழுவதையும் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். போத்தலுக்குச் சாப்பாடு போடுகிற வேலையை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், எங்கள் வீட்டில் சின்னவன் அதற்குப் பெயரும் வைத்துவிட்டான்.

அன்றைய நாள் பின்னேரம் மூன்று மணிக்குக் கயிறு. தும்புக்கயிறு வேண்டாம், கையைக் கிழிக்கும், பாரமும் காணாது. எட்டிலிருந்து பத்து மில்லிமீற்றர் தடிப்பில் கொஞ்சம் விறைப்பான நைலோன் கயிறு ஏழு மீற்றர் வாங்குங்கள், வள்ளத்துக்குக் கயிறு விற்கிற கடைகளில் கிடைக்கும். கயிற்றின் நுனியில் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு இறுக்குங்கள். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு சாதாரண முடிச்சு, ஆனால் இதை இறுக்காமல் தளர்வாக விட வேண்டும். இப்போது முதல் முடிச்சுப் போட்ட நுனியைத் திருப்பிக்கொண்டு வந்து அந்தத் தளர்ந்த முடிச்சின் நடுவால் நுழைத்து இழுத்தால், முட்டை அளவில் ஒரு சின்ன வளையம் நிற்கும். நுனி முடிச்சு வழுகாமல் பிடித்துக்கொள்ளும். கயிற்றின் மறுமுனையை அந்த வளையத்தால் விட்டு இழுத்தால் சுருக்கு வந்துவிட்டது.

எறிவது வேறு கதை. மிச்சக் கயிற்றைச் சுருளாக இடக்கையில் வைத்து, சுருக்கையும் அதோடு ஓடுகிற கயிற்றையும் சேர்த்து வலக்கையால் பிடியுங்கள். சின்ன வளையம் கையில் இருந்து ஒரு முழம் தள்ளித் தொங்க வேண்டும், கைக்குக் கிட்டப் பிடித்தால் சுருக்கு விரியவே விரியாது. தலைக்கு மேல் சுழற்றும்போது கயிறு வலப்பக்கத்தில் இருந்து முகத்துக்கு முன்னால் இடப்பக்கம் போய்த் தலைக்குப் பின்னால் சுற்றி வரட்டும். சுழற்றுவது மணிக்கட்டு, தோள் அல்ல. மூன்று சுற்றுப் போதும். கை முன்னால் வருகிற நேரத்தில், பந்து எறிகிற மாதிரிக் குறியை நோக்கிக் கையை நீட்டி விடுங்கள். குறிக்கு ஒரு பனங்குற்றியோ கவிழ்த்த கதிரையோ போதும். நாய், கன்று, தம்பி தங்கை ஒருவர் மேலும் எறியக்கூடாது என்பதைக் கடும் சட்டமாக வையுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. கௌபோய்கள் மாட்டில் சுருக்கு விழுந்ததும் மறுமுனையைச் சேணத்தின் கொம்பில் சுற்றுவார்கள், அந்தக் கணத்தில் பெருவிரல் இடையில் அகப்பட்டால் விரலே போய்விடும், அப்படி விரல் இழந்தவர்கள் பலர். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒரு தரம் சொன்னாலே போதும்.

கயிறு களைத்ததும் குறி. மாட்டுக்குக் குறிசுடுவது வன்னியில் நமக்குத் தெரிந்த வழக்கம்தான், டெக்சாஸில் வேலி இல்லாத பெருவெளியில் ஆயிரக்கணக்கில் மாடு கலந்து மேய்ந்ததால் குறி இல்லாமல் ஒன்றும் நடக்காது. குறியை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் படிப்பார்கள். எழுத்தைக் கிடையாகப் படுக்க வைத்தால் அது 'சோம்பல்' எழுத்து. சிறகு வரைந்தால் 'பறக்கும்' எழுத்து. அடியில் கால் வரைந்தால் 'நடக்கும்', வளைந்த கோட்டின் மேல் நிறுத்தினால் தொட்டில் மாதிரி 'ஆடும்' எழுத்து. இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு கரித்துண்டும் பழைய சாக்கும் கொடுத்துத் தமிழ் எழுத்தில் தங்கள் குறியை உண்டாக்கச் சொல்லுங்கள். 'சோம்பல் க', 'பறக்கும் ழ' எல்லாம் வரும். பிறகு ஒருவருடைய குறியை இன்னொருவர் கள்ளமாக எப்படி மாற்றலாம் என்று யோசிக்கச் சொல்லுங்கள், ஒரு கோடு கூட்டினால் ப எப்படி வேறு எழுத்தாகிறது என்று. மாட்டுக் கள்ளர் செய்த வேலை அதுதான், அதனால்தான் பதிவேட்டில் குறிகளை எழுதி வைத்தார்கள். சாமுவேல் மேவரிக் என்ற டெக்சாஸ்காரர் தன் மாடுகளுக்குக் குறிசுடாமல் விட்டார், குறி இல்லாத கன்றைக் கண்டால் 'மேவரிக்குடையது' என்று சொல்லிச் சொல்லி, ஒருவருக்கும் அடங்காத மனிதருக்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

குதிரைக்கு என்ன செய்வது? நெடுந்தீவில் இருப்பவர்களுக்குக் குதிரையைக் கண்ணாலாவது காட்டலாம். ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டுப்போன குதிரை காட்டுக் குதிரையாகப் பெருகிய கதை அங்கேயும் உண்டு, டெக்சாஸின் காட்டுக் குதிரைகளும் ஸ்பானியர் கொண்டுவந்தவற்றின் வழிதான். மற்றவர்களுக்குச் சைக்கிள். மாலை ஐந்து மணிக்கு ஒரு மண் ஒழுங்கையில் மந்தை சாய்க்கிற வரிசையில் ஓட விடுங்கள். முன்னால் வழிகாட்டுகிற இருவர், அவர்களுக்குப் பின்னால் இரு பக்கமும் இருவர் இருவராக, கடைசியில் பின்தங்குகிற மாட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள். நடுவில் மாடாக நாலைந்து பிள்ளைகள் நடக்கட்டும். பின்னால் வருகிற இடம் புழுதி முழுவதையும் விழுங்குகிற இடம், புது ஆளைத்தான் அங்கே போடுவார்கள். கழுத்தில் கட்டுகிற அந்தச் சதுரத் துணி அழகுக்கு அல்ல, மூக்கை மூடத்தான். பிள்ளைகளுக்குப் பழைய பருத்திச் சால்வையை வெட்டிக் கொடுத்தால் நல்லாக இருக்கும். கால் மணிக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள், எல்லாரும் பின்னால் வர வேண்டும். தலைக்குப் பனை ஓலைத் தொப்பி போதும்.

இப்போது சமையல். உண்மையில் இந்த இரவின் நடுவம் இதுதான், நானும் இதில்தான் அதிகம் மினக்கெடுவேன். 1866இல் சார்ல்ஸ் குட்நைட் என்ற பண்ணையாளர் இராணுவத்தின் பழைய வண்டில் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் ஒரு அலுமாரியைப் பூட்டினார். அதன் கதவை இறக்கினால் ஒரு கால் கீழே ஊன்றி மேசையாகிவிடும், உள்ளே இலாச்சி இலாச்சியாக மா, கோப்பி, உப்பு, மருந்து. அதுதான் மந்தையோடு போன சமையல் வண்டி. நமக்கு லான்ட்மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டி கிடைத்தால் அதன் பின்கதவை இறக்கி அப்படியே மேசையாக்கலாம். சமையற்காரனுக்குக் கௌபோயைவிடச் சம்பளம் கூட, முகாமில் அவன் சொல்வதுதான் சட்டம். புழுதி சாப்பாட்டில் விழும் என்பதால் வண்டிக்குக் காற்று வருகிற பக்கத்தால் குதிரை விடக்கூடாது, வண்டிச் சில்லில் குதிரை கட்டக்கூடாது. நம்முடைய இரவிலும் இதே சட்டம். சைக்கிளைச் சமையல் இடத்தில் சாத்தினால் கோப்பை கழுவ வேண்டும்.

நெருப்பை வெறும் நிலத்தின் மேல் போடாதீர்கள். முழங்கை ஆழத்தில் ஒரு நீளக் கிடங்கு வெட்டி அதற்குள் போடுங்கள், புல்வெளியில் பொறி பறந்து தீப்பிடித்துவிடும் என்று அவர்களும் கிடங்கு வெட்டினார்கள். சித்திரையில் காவோலையும் கிடுகு வேலியும் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேலியில் இருந்து குறைந்தது பத்து மீற்றர் தள்ளி, சுற்றிச் சருகைக் கூட்டி, இரண்டு வாளி தண்ணீர் பக்கத்தில் வைத்த பிறகுதான் தீக்குச்சி. விறகோடு ஒன்றிரண்டு வரட்டியும் போடுங்கள். மரமே இல்லாத சமவெளியில் அவர்கள் எரித்தது காய்ந்த சாணிதான், வண்டிக்குக் கீழே மாட்டுத் தோலை ஊஞ்சல் போலக் கட்டி, போகிற வழியில் பொறுக்கிய விறகையும் சாணியையும் அதற்குள் போட்டுக்கொண்டு போவார்கள். அந்த மணம் வந்ததும் என் மனைவியின் தாயார் திருநீறு சுடுகிற கதை சொல்லத் தொடங்கிவிட்டார், அரை மணித்தியாலம் பிள்ளைகள் அசையவில்லை.

கௌபோய்கள் சமைத்த அவரைக்குப் பதில் கௌபி போடுங்கள். பத்துப் பேருக்கு முக்கால் கிலோ, காலையிலேயே ஊறவிட வேண்டும். பின்னேரம் நாலு மணிக்கே பானையை ஏற்றி, மெல்லிய நெருப்பில் வெங்காயம், உள்ளி, ஆறேழு செத்தல் மிளகாய், கொஞ்சம் சீரகம் போட்டு வேகவிடுங்கள். அவர்கள் உப்பிட்ட பன்றிக் கொழுப்புப் போட்டார்கள், சைவ வீடென்றால் இரண்டு கரண்டி நல்லெண்ணெய். தேங்காய்ப்பால் விட ஆசை வரும், இந்த ஒரு நாள் விடாதீர்கள். கௌபி நன்றாக மசிந்த பிறகு உப்பும், ஒரு பாக்களவு பனங்கட்டியும். அவர்கள் கரும்புப் பாகு வைத்திருந்தார்கள், நமக்குப் பனங்கட்டி இருக்கிறது.

ரொட்டியை அவர்கள் பிஸ்கட் என்பார்கள், கடையில் வாங்குகிற பிஸ்கட் அல்ல, பணிசைப் போல மெத்தென்ற சின்ன ரொட்டி. நாலு கோப்பை கோதுமை மா, ஒன்றரைக் கோப்பை புளித்த மா, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, கொஞ்சம் சீனி, நாலு மேசைக்கரண்டி மாஜரின். மாஜரினை மாவோடு விரல் நுனியால் உதிர்த்துவிட்டு, புளித்த மாவைச் சேர்த்து, தேவைக்குப் பால் தெளித்துக் குழையுங்கள். ரொட்டிக்குப் போல அடித்துப் பிசைந்தால் கல்லாகிவிடும், ஒன்றாகச் சேர்ந்ததும் நிறுத்த வேண்டும். இரண்டு விரல் தடிப்பில் தட்டித் தேத்தண்ணிக் கோப்பையால் வெட்டி, எண்ணெய் பூசிய கனமான இரும்புச் சட்டியில் ஒன்றோடொன்று முட்ட அடுக்கி, அரை மணித்தியாலம் மூடி வையுங்கள்.

சுடுவதுதான் கவனம். கொழுந்து நெருப்பில் அல்ல, தணலில். சிரட்டைக் கரி சிறந்தது, சூடு ஒரே சீராக நிற்கும். கிடங்கின் ஓரத்தில் கொஞ்சத் தணலைப் பரப்பி மேலே மூன்று கல் வைத்து, சட்டியைக் கல்லில் நிறுத்துங்கள். மூடி தட்டையாக, விளிம்பு உயர்ந்ததாக இருக்க வேண்டும், அதற்கு மேல் மிச்சத் தணல். கீழே ஒரு பங்கு, மேலே இரண்டு பங்கு, இந்தக் கணக்கை மாற்றாதீர்கள். முதல் தடவை நான் கீழே கூடப் போட்டு அடி முழுவதும் கரியாகிப் பத்து ரொட்டியை எறிந்தேன். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமும் மூடியை மறுபக்கமும் கால்வாசி திருப்பினால் ஒரு பக்கம் கருகாது. பதினைந்து நிமிடம் கழிந்து மூடியைக் குறட்டால் மெல்லத் தூக்கினால் (தணல் உள்ளே கொட்டாமல்) புளித்த மாவும் மாஜரினும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும், மேலே பொன்னிறமாக நிற்கும். இன்னும் வெள்ளையாக இருந்தால் ஐந்து நிமிடம்.

கோப்பி கறுப்பாக, கடுமையாக. முன்பெல்லாம் பச்சைக் கொட்டை வாங்கி முகாமிலேயே சட்டியில் வறுத்தார்கள், பாதி கருகும் பாதி பச்சையாக நிற்கும். ஆர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கொட்டைக்கு முட்டையும் சீனியும் கலந்து பூசி, மணம் போகாமல் கடதாசிப் பைக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்கிய பிறகு மேற்கு முழுவதும் கோப்பி என்றால் அதுதான். ஒவ்வொரு பைக்கற்றுக்குள்ளும் ஒரு பெப்பர்மின்ற் இனிப்புக் குச்சி இருக்கும், கோப்பி அரைக்கிற ஆளுக்கு அது சொந்தம், அந்த இனிப்புக்காகப் பெரிய பெரிய ஆட்கள் அரைக்கப் போட்டி போட்டார்கள். வறுத்த கொட்டையை உரலில் போட்டு, இடிக்கிற பிள்ளைக்குத் தோடம்பழ இனிப்பு என்று சொல்லுங்கள், உலக்கைக்கு வரிசை நிற்கும். நாம் வீட்டில் போடுகிற மல்லி, வேர்க்கொம்பு ஒன்றும் சேர்க்காமல், கொதிக்கிற கேத்திலில் தூளை நேராகப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, இறக்கி ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றினால் மண்டி கீழே போய்விடும். பிள்ளைகளுக்குப் பாலும் சீனியும் விட்டு ஒரு வாய் போதும். ஒரு வழக்கத்தை மட்டும் மறக்காதீர்கள். யாராவது தன் கோப்பையை நிரப்பக் கேத்திலுக்குப் போனால், மற்றவர்கள் 'பானையடியில் ஆள்!' என்று கத்துவார்கள், கத்தினால் போனவர் கேத்திலைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் ஊற்றிவிட்டுத்தான் தான் குடிக்கலாம். எங்கள் வீட்டில் இது விடுமுறை முடிந்தும் தொடர்கிறது.

சாப்பாடு முடிய எட்டரை மணியாகும். விளக்குகளை அணைத்துவிட்டு எல்லாரையும் வடக்குப் பக்கம் திருப்புங்கள். சித்திரையில் அந்த நேரம் சப்தரிஷி மண்டலம் வடக்கு வானில் உயர நிற்கும். அகப்பை போன்ற அதன் கிண்ணத்தின் வெளி ஓரத்து இரண்டு நட்சத்திரத்தையும் கோடு கீறினாற்போல் கீழே நீட்டிக்கொண்டு போனால், அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் போல ஐந்து மடங்கில் துருவ நட்சத்திரம். அது அவ்வளவு பிரகாசம் இல்லை. கையை முழுதாக நீட்டி, கைமுட்டியைத் தொடுவானில் வைத்துப் பாருங்கள், யாழ்ப்பாணத்தில் அது முட்டிக்கு மேலே கிட்டத்தட்ட உட்கார்ந்திருக்கும், பத்துப் பாகை உயரம்தான். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நின்று பார்த்தால் மூன்று முட்டி உயரம். மூன்று மாதம் மந்தையோடு நடந்து அபிலீன் போய்ச் சேர்ந்தால் நாலு முட்டி. ஒவ்வொரு இரவும் சமையற்காரன் படுக்கப் போகுமுன் வண்டியின் ஏர்க்காலை இந்த நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பி வைப்பான், விடிய முகில் மூடியிருந்தாலும் வடக்கு எது என்று தெரியும். நீங்களும் ஒரு நீளத் தடியை அந்தத் திசைக்கு நேராகப் பிள்ளைகளைக் கொண்டே நிலத்தில் கிடத்துங்கள்.

கடிகாரமும் அதுதான். சப்தரிஷி மண்டலம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக, இரண்டு மணித்தியாலத்தில் கடிகாரத்தின் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகிற அளவு நகரும். கௌபோய்களின் இரவுக்காவல் ஒரு முறை இரண்டு மணித்தியாலம், அந்த அளவை வானத்தில் பார்த்துத்தான் அடுத்த ஆளை எழுப்பினார்கள்.

காவலை அரை மணித்தியாலமாக்கி, இருவர் இருவராகப் பிரியுங்கள், ஒவ்வொரு சோடியோடும் ஒரு பெரியவர். பசு இருந்தால் நல்லது, கட்டியபடியே இருக்கட்டும். இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக மெதுவாகச் சுற்றி வர வேண்டும், ஓடக்கூடாது, டோர்ச் அடிக்கக்கூடாது, மெல்லப் பாடிக்கொண்டே வர வேண்டும். பாட்டு எதுவும் ஆகலாம். கௌபோய்கள் கோயில் பாட்டிலிருந்து தாலாட்டு வரை பாடினார்கள், சொல் மறந்தவன் வெறும் ராகத்தை இழுத்தான். இருட்டில் மனிதன் எங்கே வருகிறான் என்று மாட்டுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் இரண்டாயிரம் மாடும் ஒரே நேரத்தில் எழும்பி ஓடும். இடிமின்னல் இரவுகளில் அப்படி ஓடின மந்தைக்கு முன்னால் குதிரையில் பாய்ந்து, முன் மாடுகளை ஒரு பக்கமாக நெருக்கி, வட்டமாகச் சுற்ற வைத்துத்தான் நிறுத்துவார்கள். தம்பியின் மூத்த மகள் தேவாரம் பாடிக்கொண்டு சுற்றியபோது நான் பசுவின் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதன் ஒரு காது அவள் குரல் போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டே இருந்தது, அசைபோடுவது நிற்கவில்லை. அடி மறந்து அவள் பாட்டை நிறுத்தினாள். பசுவும் அசைபோடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கியது. "பெரியப்பா, அது கேட்குது" என்றாள், பிறகு அரை மணித்தியாலம் முடிந்தும் வர மறுத்துவிட்டாள்.

படுக்கை விடயத்தில் மட்டும் கௌபோயைப் பின்பற்றாதீர்கள். அவர்கள் படங்குத் துணியும் போர்வையும் சுருட்டிக்கொண்டு வந்து வெறும் நிலத்தில் விரித்துப் படுத்தார்கள், குதிரை மயிரால் திரித்த கயிற்றைச் சுற்றிப் போட்டால் பாம்பு வராது என்று நம்பியவர்களும் இருந்தார்கள், அந்தக் கயிறு ஒரு பாம்பையும் தடுக்காது. நமக்குக் கட்டுவிரியன் இருக்கிறது, நிலத்தில் படுத்திருப்பவரை நித்திரையில் கடிக்கும், கடி பட்டதே சிலருக்குத் தெரியாது. அதனால் கட்டிலையோ வாங்கையோ முற்றத்தில் போட்டு, நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகி அதற்குள் படுக்க விடுங்கள். இரவில் இறங்குகிறவர் டோர்ச் இல்லாமல் கால் வைக்கக்கூடாது, செருப்பைத் தட்டிப் போட வேண்டும். யாருக்காவது வயிற்று நோ, கண் மடல் சரிவது, சாப்பாடு விழுங்க முடியாமல் இருப்பது என்று விடியப்புறம் தெரிந்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இந்த வாழ்க்கை மொத்தமும் இருபது வருடம் போலத்தான் நீடித்தது என்பதைப் படுக்கும் நேரக் கதையாக நான் சொல்வேன். 1874இல் ஜோசப் கிளிடன் முட்கம்பிக்குக் காப்புரிமை எடுத்தார், திறந்த வெளி துண்டு துண்டானது. ரயில் பாதை டெக்சாஸுக்கே வந்தது. தெற்கு மாடுகளின் உண்ணி வழியாக வடக்கு மாடுகளுக்குக் காய்ச்சல் தொற்றியதால் கன்சாஸ் கதவைச் சாத்தியது. 1886-87 மாரியில் வடக்குச் சமவெளியில் பனியில் இலட்சக்கணக்கான மாடுகள் செத்தன. பெடியங்கள் கம்பி வேலி திருத்துகிற கூலிகளானார்கள்.

விடிய ஐந்து மணிக்குச் சமையற்காரர் முதலில் எழும்ப வேண்டும், அவர்களுடைய ஆள் இன்னும் முன்னாலேயே எழும்பினான். மிச்சத் தணலை ஊதிக் கோப்பி வையுங்கள், மிஞ்சிய ரொட்டியைச் சட்டியில் வாட்டிச் சம்பலோடு கொடுங்கள். சூரியன் வந்ததும் பிள்ளைகளை நேற்றுக் கிடத்திய தடியடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், தடி காட்டுகிற பக்கம் பார்த்து நின்றால் சூரியன் வலக்கைப் பக்கம், நேர் கிழக்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி எழும்பும். பிறகு கிடங்குக்குத் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கைப்புறத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகு மண்ணைத் தள்ளி மூடுங்கள். போத்தலில் இரண்டு கரண்டி புளித்த மா மிஞ்சியிருந்தால் அதற்குக் கொஞ்சம் மாவும் தண்ணீரும் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், கிழமைக்கொருமுறை சாப்பாடு போட்டால் அடுத்த சித்திரை வரை இருக்கும்.